புது பிராசசருக்கு மூச்சு முட்டுகிறது

பழைய லேப்டாப்பில் வேகமான பிராசசரைப் போட்ட பிறகு வேகம் ஏன் குறைகிறது? கோலார் தங்கவயலில் ஒரு கல்யாண வீடியோ கணினியைக் கழற்றிப் பார்த்த அனுபவம்

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, அக்கா மகன் போன் செய்தான். ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். ஆனி மாத முகூர்த்தங்களின் வேலையெல்லாம் ஆடிக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். குரலே சரியில்லை.

“மாமா, லேப்டாப்ல ஐ5 எடுத்துட்டு ஐ7 போட்டேன்ல? முன்ன இருந்ததைவிட இப்பதான் ரொம்ப ஸ்லோ. டூப்ளிகேட் பிராசசரைத் தலையில கட்டிட்டாங்களா?”

மறுநாள் காலையில் போனேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஸில் வாங்கிய ஆபீஸ் ரக லேப்டாப். ஏழு நிமிஷப் பாட்டு ஒன்றை ரெண்டர் போட்டுக் காட்டினான். பழைய ஐ5-இல் இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்த வேலை அது. புது ஐ7-இல் நாற்பது நிமிஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி மட்டும் அடித்தொண்டையில் கத்தியது. காற்று வெளியேறும் பக்கம் கை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு கத்தலுக்கு வெளியே வந்த காற்று வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அப்போது அதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம்தான் பிடிபட்டது.

கழற்றியது இன்டெல் ஐ5-3320எம். இரண்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.3 வரை போகும். போட்டது ஐ7-3740க்யூஎம். நான்கு கோர், 2.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. இரண்டும் 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறைச் சில்லுகள், ஒரே சாக்கெட்டில் உட்காருபவை. கணக்குப்படி வேலை கிட்டத்தட்டப் பாதி நேரத்தில் முடிய வேண்டும். பையன் கோரையும் கிகாஹெர்ட்ஸையும் பார்த்தான், விலையைப் பார்த்தான். அவன் பார்க்காமல் விட்ட எண் ஒன்று உண்டு. பழையது 35 வாட், புதியது 45 வாட்.

பத்து வாட் என்றால் ராத்திரி விளக்கு ஒன்றின் அளவு. ஆனால் விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒற்றைச் செம்புக் குழாய் வழியாக அந்தப் பத்து வாட்டும் வெளியே போயாக வேண்டும். லேப்டாப்பில் பிராசசரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

வெப்பம் தெரிந்த ஊர்

வெப்பம் வேலையை எப்படிக் குறைக்கும் என்பதைத் தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை, இந்த ஊரின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே அறுபது டிகிரியைத் தாண்டும். வெறும் காற்றை ஊதினால் போதாமல், காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பும் ஆலைகளை அமைத்தார்கள். குந்தாலியும் ட்ரில்லும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வியர்வை உலர வழியில்லாத இடத்தில் மனித உடம்பு தானாக நிதானப்பட்டுவிடும். நிதானப்படாவிட்டால் விழுந்துவிடும்.

என் அப்பா சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். பையன் பிரச்சினையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “காத்து எந்தப் பக்கம் போகுது?” லேப்டாப்பைத் தொட்டுக்கூடப் பழகாத மனிதர். ஆனால் எனக்குத் தெரிந்த பல சர்வீஸ்காரர்கள் கேட்காத சரியான கேள்வி அது.

சில்லும் உடம்பு மாதிரிதான் நடந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் வெப்பமானி நூறு டிகிரியைச் சுற்றியுள்ள எல்லையைத் தொட்டவுடன், பிராசசர் தானாகத் தன் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறையும்போது அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும். வெப்பம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறி இறங்குவது. அதனால் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் நிறைய வெப்பம் தணியும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் லேப்டாப் கருகிப்போகும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. ஆனால் பாதுகாப்பு நிமிஷத்துக்கு நூறு முறை வேலை செய்ய வேண்டியிருந்தால், வாங்கிய வேகம் கைக்கு வராது.

அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய சில்லுக் கம்பெனியாக இருந்ததே இந்தச் சுவரில் மோதியிருக்கிறது. 2004 மே மாதம் இன்டெல் தன் அடுத்த பென்டியம் திட்டமான டெஜாஸைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தையும் விட்டது. வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. ஒரே கோரை வேகமாக ஓட்டுவதை விட்டு, பல கோர்களை நிதானமாக ஓட்டலாம் என்று கணினி உலகமே திரும்பியது அதன் பிறகுதான். இன்று நம் கையில் இருக்கும் இரண்டு கோர், நான்கு கோர் எல்லாம் அந்தத் திருப்பத்தின் பிள்ளைகள்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும்

பையன் போன் செய்த ராத்திரியே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தான். மூன்று மணி நேர வேலை, பலன் இல்லை. யூடியூபில் யாரோ சொன்னார்களாம். எனக்கு வருத்தமாக இருந்தது. அளந்து பார்க்காமல் செய்யும் ரிப்பேர் எல்லாம் குருட்டாம்போக்குதான், அதில் போகிற நேரம் உழைக்கிறவனுடைய நேரம்.

அளப்பதற்குக் காசு வேண்டாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால், இந்த நொடியில் பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று காட்டும். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரின் வெப்பத்தையும், அது வெப்பத்தால் தடுக்கப்பட்டதா, மின்சார வரம்பால் தடுக்கப்பட்டதா என்பதையும் பிரித்துச் சொல்லும். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டரைத் தொடங்கி, பத்து நிமிஷம் எதையும் தொடாமல் எண்களை மட்டும் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் எப்போது வேகம் விழுகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் நோயின் பெயர் இருக்கிறது. தொடக்கத்தில் நன்றாக ஓடி, வெப்பம் ஏற ஏற வேகம் மெல்லத் தளர்ந்து, மேலும் கீழுமாக ஆடினால் காரணம் சூடு. சூடே இல்லாத நிலையில், பாரம் ஏறிய அந்தக் கணமே வேகம் பட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்ததிலிருந்தே ஒரே தாழ்ந்த எண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றால், போர்டு சார்ஜரை அடையாளம் காணவில்லை, அல்லது பயாஸுக்குப் புது பிராசசரைத் தெரியவில்லை. வேகம் நன்றாக 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தும் கணினி தவழ்கிறது என்றால், குற்றவாளி பிராசசர் இல்லவே இல்லை. ஹார்ட் டிஸ்கையும் ரேமையும் பார்க்க வேண்டும்.

எங்கள் லேப்டாப்பில் முதல் அரை நிமிஷம் 3.5 கிகாஹெர்ட்ஸ். பிறகு வெப்பம் 100-ஐத் தாண்டியது. வேகம் 2, 1.6, 1.3 என்று சரிந்தது. கொஞ்சம் ஆறியதும் எகிறியது, மறுபடி சரிந்தது. கோடு ரம்பப் பல் மாதிரி. இவ்வளவு சூட்டிலும் வெளியே வரும் காற்று வெதுவெதுப்புதான். உள்ளே நூறு டிகிரி, வாசலில் வெதுவெதுப்பு என்றால், நடுவில் வழி அடைபட்டிருக்கிறது.

கழற்றியபோது

பேட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்த பிறகு திறந்தோம். மின்விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்து இறுகியிருந்தது. வெளியிலிருந்து ஊதினால் இது போகாது. ஊதுகிறவர்கள் அந்தத் தூசியைத் திரும்ப விசிறிக்குள் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். விசிறியைத் தனியாகக் கழற்றினால்தான் அந்தத் திரை கண்ணுக்கே தெரியும்.

தங்கவயலின் தூசி சாதாரணத் தூசி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண் 13 மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. எல்லாம் சேர்ந்து மூன்று கோடி டன்னுக்கும் மேல். சைனைடு மலை என்று ஊரில் சொல்கிறோம். மாவாக அரைத்த பாறை அது. காற்றுக் காலத்தில் அது கிளம்பி வந்து வாசலில், துணியில், சோற்றில் விழுகிறது. மனிதர்களின் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கவலை, அதற்கு முன்னால் லேப்டாப் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எண்ணெய் தடவிய விசிறியின் அச்சில் அந்த மாவு ஏறினால், நான்கு வருஷம் ஓட வேண்டிய விசிறி இரண்டு வருஷத்தில் உறுமத் தொடங்கும். இங்கே வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி முடிந்ததும், விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

அடுத்தது பேஸ்ட். பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். பையன் என்ன செய்திருந்தான் என்றால், பல்லில் தேய்க்கிற அளவுக்குத் தாராளமாகப் பிதுக்கிப் போட்டிருந்தான். தகடு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. நான்கு திருகுகளில் ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இப்படித்தான் ஆகும். தகட்டிலேயே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில், குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். லேப்டாப் பிராசசருக்கு மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் நேரடியாக வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் அதன் விளிம்பு பெயர்ந்து, பிராசசரே போய்விடும்.

பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தோம். புதிதாக ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தோம். நான்கு கோர் சில்லு இரண்டு கோரைவிட நீளமானது. அதனால் நடுவில் ஒரு புள்ளிக்குப் பதிலாக நீளவாக்கில் மெல்லிய கோடாக இழுப்பது நல்லது. பக்கத்திலிருந்த மின்சாரப் பாகங்களின் மேல் இருக்கும் மெத்தென்ற பட்டைகள் கிழியாமல் அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். அவை கிழிந்தால் வேறொரு இடம் சூடாகும்.

மூடி, ஆன் செய்து, ரெண்டரைப் போட்டோம். வெப்பம் 80-ஐத் தாண்டவில்லை. பையன் முகம் மலர்ந்தது. மூன்றாவது நிமிஷம், 3.5-இல் ஓடிக்கொண்டிருந்த வேகம் ஒரே அடியாக 1.2-க்கு விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது பூட்டு

முதல் பழுதைச் சரிசெய்தால்தான் இரண்டாவது பழுது முகம் காட்டும். இதுவரை சூடே வேகத்தைப் பிடித்து வைத்திருந்ததால், பிராசசர் தன் முழு மின்சாரத்தைத் தொடர்ந்து கேட்டதே இல்லை. இப்போது கேட்டது. கொடுக்க ஆள் இல்லை.

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தோம். 65 வாட். பிராசசருக்கு 45 போனால், திரைக்கும் டிஸ்குக்கும் ரேமுக்கும் விசிறிக்கும் பேட்டரியை ஏற்றவும் மிச்சம் இருபது. டர்போவில் பிராசசர் சில நொடிகளுக்குத் தன் 45 வாட்டையும் தாண்டிக் கேட்கும். நல்ல பேட்டரி இருந்தால் அந்த நொடிகளில் அது கை கொடுக்கும். பையனின் பேட்டரி பத்து வருஷப் பழசு, வெறும் கனம்தான். போர்டு வேறு வழியில்லாமல் பிராசசரை அதன் ஆகக் குறைந்த வேகத்துக்குத் தள்ளியது. மூன்றாம் தலைமுறைக்கு அந்த அடிமட்டம் 1.2 கிகாஹெர்ட்ஸ், நான்காம் தலைமுறைக்கு 0.8. இந்த எண்களில் ஒன்றில் உங்கள் லேப்டாப் அசையாமல் நின்றால், பேஸ்ட் வாங்க ஓடாதீர்கள். சார்ஜரைப் பாருங்கள்.

விண்டோஸும் இதைக் குறித்து வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கெர்னல்-பிராசசர்-பவர் என்ற பெயரில் 37 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையைத் தேடினோம். பிராசசரின் வேகத்தைச் சாதனத்தின் ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது என்று வரிசையாக, ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாக, பதிவாகியிருந்தது. விண்டோஸை அழித்துப் போட்டதில் பயன் இல்லாமல் போனதற்குச் சாட்சி அதிலேயே இருந்தது.

இதற்கு ஒரு குறுக்கு வழி ஊரெல்லாம் சொல்கிறார்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிடி ப்ரோக்ஹாட் என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டால், போர்டு அனுப்பும் ‘வேகத்தைக் குறை’ என்ற சமிக்ஞையைப் பிராசசர் காதில் போட்டுக்கொள்ளாது. வேகம் உடனே எகிறும். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். சார்ஜரின் அடையாள ஊசி உடைந்து, சரியான சார்ஜரையே போர்டு அறியாமல் போன நிலையில், என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர் தற்காலிகமாகச் செய்யலாம். சார்ஜரே சிறியது என்ற நிலையில் செய்தால், பாரம் முழுவதும் அந்தச் சிறிய சார்ஜரின் மேலும், போர்டின் மின்சாரப் பாதையின் மேலும் விழும். போர்டு போனால் லேப்டாப்பே போச்சு.

பிராசசரை மாற்றுமுன் மின்சாரத்தை யோசிக்க வேண்டும் என்பதிலும் இந்த ஊருக்கு ஒரு பழைய பாடம் உண்டு. ஆழம் கூடக் கூட இயந்திரங்கள் பெரிதாயின, நீராவியை நம்பி ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. அதற்காக மைசூர் அரசு, திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கிவைத்த திட்டப்படி, காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் கட்டியது. 1902-இல் சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் ஒன்று. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அந்தப் பொறியாளர்கள் மின்சாரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் பெரிய மோட்டார்களைச் சுழலவிட்டார்கள்.

தெரிந்த கடை ஒன்றில் அதே பின் உள்ள 90 வாட் சார்ஜரை இரவல் வாங்கி வந்தோம். 1.2 பூட்டு திறந்தது. நான்கு கோரும் 3.5-இல் ஓடின.

ஆனால் இருபது நிமிஷத்தில் வெப்பம் 97. ஏனென்றால் அந்தச் செம்புத் தகடு 35 வாட்டுக்கு வடித்தது. இதே லேப்டாப்பின் வேறு ரகங்களில் கூடுதல் குழாய் உள்ள தகடு வரும். அது கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ என்ற இடத்தில் 100-ஐ 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். பிராசசர் தன் அடிப்படை வேகமான 2.7-க்கு மேல் போகாது. பையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. “வேகத்துக்காகத்தான் மாத்தினேன், நீங்க குறைக்கச் சொல்றீங்களே மாமா.” செய்து காட்டினேன். நான்கு கோரும் 2.7-இல், கோடு போட்ட மாதிரி, 76 டிகிரியில் ஓடின. ஏழு நிமிஷப் பாட்டு பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

அதே 99 என்ற எண் எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும் என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சிலர் பழைய லேப்டாப்பில் சூட்டைக் குறைக்க அப்படி வைத்திருப்பார்கள். பிராசசர் மாற்றியதும் டர்போவே வரவில்லை என்று புலம்புவார்கள். முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உங்கள் லேப்டாப்பைத் திறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. பெரும்பாலான லேப்டாப்களில் பிராசசரை மாற்றவே முடியாது. பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் ‘எம்’, ‘க்யூஎம்’ என்றும், நான்காம் தலைமுறையில் ‘எம்’, ‘எம்க்யூ’ என்றும் முடிபவை பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்கும். ‘யு’ என்று முடிந்தாலும், ‘எச்க்யூ’ என்று முடிந்தாலும் போர்டோடு பற்றவைத்தது. 2015-இல் வந்த ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெலின் லேப்டாப் சில்லுகள் எல்லாமே பற்றவைத்தவைதான். நீங்களாகக் கழற்றி மாட்டும் காலம் அதோடு முடிந்தது. ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் பிராசசர் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், போர்டையே மாற்றப்போகிறாரா என்று கேளுங்கள்.

சாக்கெட் இருக்கிறது என்றாலும் வாட்டைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பையன் 45 வாட் சில்லுக்குப் பதிலாக ஐ7-3632க்யூஎம் வாங்கியிருந்தால் இத்தனை பாடு இருந்திருக்காது. அதுவும் நான்கு கோர்தான், டர்போவில் 3.2 போகும், ஆனால் 35 வாட். பழைய தகட்டுக்கும் பழைய சார்ஜருக்கும் பழக்கமான அளவு. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டினார், இவன் பெரிய எண்ணை வாங்கினான். செகண்ட்ஸ் சந்தையில் கம்பெனிகள் சோதனைக்காகச் செய்த மாதிரிச் சில்லுகளும் சுற்றுகின்றன. அவற்றை எல்லா பயாஸும் ஏற்காது, ஏற்றாலும் வேகம் சரியாக வராது. மேலே பொறித்த எழுத்துகளில் மாடல் எண் தெளிவாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். புதுச் சில்லைப் போடுவதற்கு முன்பே, பழைய சில்லு இருக்கும்போதே, பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். புதியதைப் போட்டபின் திரையே வராவிட்டால் ஏற்ற வழியில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்தன. அவற்றை அடைக்கத் தந்த திருத்தங்கள் நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் புதியவற்றைவிட அதிகமாக வேகத்தைக் குறைத்தன. 2012-இல் யாரோ எடுத்த வேக அளவுகளைப் பார்த்து இன்று அதே வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறை முதல். மூன்றாம் தலைமுறையில் எந்த ஐ7-ஐப் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. லினக்ஸ் மின்ட் போன்றவை அந்த லேப்டாப்பில் நன்றாக ஓடும், பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுவே தாராளம்.

என்னிடம் ஒருவர் பழைய லேப்டாப்போடு கையில் கொஞ்சம் பணமும் வைத்துக்கொண்டு வந்தால், பிராசசருக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். முதல் காசு எஸ்.எஸ்.டி.-க்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் எதைத் திறந்தாலும் பிராசசர் டிஸ்குக்காகக் கைகட்டிக் காத்திருக்கிறது. அங்கே ஐ7 போடுவது காத்திருக்கும் ஆளை இன்னும் சுறுசுறுப்பானவராக மாற்றுவது மாதிரி. இரண்டாவது காசு ரேமுக்கு. நான்கு ஜிபி ஒன்று இருந்தால் இன்னொரு நான்கைப் போட்டு ஜோடியாக ஓட விடுங்கள். மூன்றாவது, விசிறி சுத்தமும் பேஸ்டும், கையில் பொறுமை இருந்தால் செலவே இல்லை. இவ்வளவும் செய்து, வீடியோ ரெண்டர் மாதிரி பிராசசரையே பிழிகிற வேலை இருந்தால் மட்டும் பிராசசர்.

இந்தக் கவலை தங்கவயலுக்கு ஏன் பெரிது என்றால், சுரங்கம் மூடிய பிறகு ஊரின் பிழைப்பு பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டது. மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயிலில் விடியுமுன் ஏறி, ராத்திரி வீடு திரும்புகிறார்கள் ஆயிரக்கணக்கானோர். ஊரிலேயே இருந்து சம்பாதிக்க நினைக்கிற பிள்ளைக்கு ஒரு லேப்டாப்தான் கடை, அதுதான் முதலீடு. புதிதாக வாங்க முடியாதவன் பழையதை நம்புகிறான். அந்த நம்பிக்கையை வீணாக்கும் தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் வருபவை, சொல்லிக்கொடுத்தால் தீர்பவை. 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் சில்லையும் ரேமையும் போர்டோடு பற்றவைத்து விற்கும் வழக்கம் நீடிக்கும்வரை, பிரிக்கும் உரிமை கிடைத்தும் மாற்றும் வாய்ப்பு கிடைக்காது. எந்தப் பாகம் மாற்றக்கூடியது, எது முடியாது என்று பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்ல வேண்டும். வாங்குகிறவனுக்கு அது கடையிலேயே தெரிய வேண்டும்.

இந்த மண்ணுக்கு நுட்பமான கருவிகள் புதிதும் இல்லை. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து வைத்த கருவிகள்தான், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகத்திலேயே முதலில் பதிவு செய்தவற்றில் அடங்கும். அப்பாவுக்கு அந்தக் கதை தெரியும். ‘சயின்டிஸ்ட்டுங்க’ இறங்கிப் போவதைப் பற்றி அந்தக் காலத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டவர்.

அன்று சாயங்காலம் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில், காற்று வெளியேறும் இடத்தில், உள்ளங்கையை வைத்தார். காலையில் நான் வைத்த அதே இடம். இப்போது அங்கே காற்று சுட்டது. பையன் பதறினான்.

“தாத்தா, சூடா இருக்கா? மறுபடியும் கோளாறா?”

அப்பா கையை எடுக்கவில்லை. “உள்ள இருந்த சூடு வெளிய வருதுடா. காலையில வரல இல்ல?”

பையன் திரையைப் பார்த்தான். 76 டிகிரி. 2.7 கிகாஹெர்ட்ஸ். ஜன்னலுக்கு வெளியே சைனைடு மலையிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த பாட்டை ஏற்றினான்.